எத்தனை அந்நியரிடம் பேசினீர்கள் என்று கேட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. தண்டுவடம் அடிபட்டவர்களின் மறுவாழ்வு பற்றியும், அவர்கள் ஊர் வாழ்க்கையில் எந்த அளவுக்குக் கலந்துகொள்கிறார்கள் என்பது பற்றியும் ஆய்வு செய்கிறவர்கள் கூடிப் பேசினார்களாம். கூடவே படம். மேடையில் எட்டுப் பேர், நடுவில் குத்துவிளக்கு. மேடைக்குக் கீழே ஓரமாக ஒருவர் வீல்சேரில் இருக்கிறார், தலை மட்டும் தெரிகிறது. மேடைக்கு நாலு படி, அதனால் அவர் கீழேயே இருந்துவிட்டார் போல. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கருங்கல் பக்கம். கொத்தனார் வேலை பார்த்தவன். 2013-ல் ஒரு வீட்டுக்கு மாடிப் பூச்சு நடந்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் பயத்தில் ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அன்றைக்கு எனக்கே தெரியாது, முதுகில் அடிபட்டவனை அசைக்காமல் பலகையில் கிடத்தித்தான் எடுக்க வேண்டும் என்று. முதுகெலும்பில் டி12 என்று ஒரு இடம், அங்கே நரம்பு நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வும் கிடையாது, அசைவும் கிடையாது. இப்போது வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம் என்று ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறேன்.

நானும் ஒரு ஆய்வில் இருந்தவன்தான். மூன்று வருடம் முன்பு ஒரு கல்லூரியிலிருந்து பிசியோதெரபி படிக்கும் தம்பி ஒருவர் கேள்வித்தாளோடு வந்தார். நல்ல பையன். பஸ் இறங்கி வெயிலில் இடவழியெல்லாம் நடந்து, நாயையும் சமாளித்து வந்து சேர்ந்தார். சாயா போட்டுக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை, என் மனைவி காலை ஏழு மணிக்கே அண்டி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள் (முந்திரி ஆலையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்). சரி, கேளுங்கள் தம்பி என்றேன்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுக்கையை விட்டு எழுந்து இருப்பீர்கள்? வாரத்தில் எத்தனை நாள் வெளியே போவீர்கள்? போன வருடம் ஆஸ்பத்திரி நீங்கலாக எத்தனை இரவு வெளியூரில் தங்கினீர்கள்? மாதத்துக்கு ஒரு தடவையாவது எத்தனை உறவினர்களைப் பார்க்கிறீர்கள் அல்லது போனில் பேசுகிறீர்கள்? கடைசியாக ஒன்று கேட்டார் பாருங்கள், கடந்த மாதத்தில் எத்தனை அந்நியர்களிடம் நீங்களாகவே உரையாடலைத் தொடங்கினீர்கள்?

அந்நியர் என்றால் யார் தம்பி என்றேன். தெரியாதவர்கள் அண்ணா என்றார். எங்கள் ஊரில் தெரியாதவர் யார்? மீன் கொண்டுவருகிற அக்கா, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பட்டாவுக்கு வருகிறவர்கள், எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், இல்லையென்றால் சொந்தத்துக்குச் சொந்தம். பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது, பூஜ்யம் போட்டால் உங்கள் மதிப்பெண் குறையும் அண்ணா என்றார். அப்படியானால் உங்களையே ஒன்று என்று போடுங்கள், ஆனால் பேச்சைத் தொடங்கியது நீங்கள்தான் என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் போன பிறகு எனக்கு அந்தக் கேள்வித்தாள் மனதை விட்டுப் போகவில்லை. இரவில் தூக்கம் வராதபோது போனில் தேடினேன். அது சார்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கிரெய்க் என்ற மறுவாழ்வு மருத்துவமனையில் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. உடல் சுதந்திரம், நடமாட்டம், வேலை, உறவு, வருமானம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 100 வாங்கினால் அடிபடாத மனிதன் மாதிரி வாழ்கிறாய் என்று அர்த்தம். கெட்ட அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்பெல்லாம் கால் எவ்வளவு அசைகிறது, யூரின் எப்படிப் போகிறது என்பதைத்தான் அளந்தார்கள், ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டிய பிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று கேட்கத் தொடங்கியதே பெரிய விஷயம். ஆனால் அது கொலராடோவில் எழுதிய கேள்வி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுப் பயிற்சி முடித்து வீடு போனவர்களிடம் இதே அளவுகோலை வைத்துப் பார்த்து 2010-ல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். உறவு விஷயத்தில் நம் தென்னிந்தியர்களுக்கு மதிப்பெண் நூற்றை ஒட்டி இருக்கிறது. நடமாட்டத்திலும் வருமானத்திலும்தான் வெகுவாகக் குறைகிறது. எண்களைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, என் கணக்கும் அதுதான். ஆனால் அந்த உறவு மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒருவன் படுத்துவிட்டால் சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஓடியாடித் திரிஞ்ச பையன் என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பார்கள், போவார்கள். அதுவும் உறவுதான், எண்ணிக்கையில் சேரும். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேனா என்பது சேராது. பன்னிரண்டு வருடத்தில் என் சொந்த அக்கா வீட்டுக்குள் நான் போனது இரண்டே தடவை. அக்கா வீடு பொற்றை (சிறு குன்று) மேல் இருக்கிறது, பதினேழு படி. ஒவ்வொரு தடவையும் நாலு பேர் சேர்ந்து வீல்சேரோடு தூக்கினார்கள். நாலு பேர் தூக்கிப் போவதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது தடவை அக்கா பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அவள்தான் வருகிறாள்.

இரவு வெளியூரில் தங்குவது பற்றிய கேள்விக்கும் வருகிறேன். எங்களுக்கு வெளியே கிளம்புவது என்றால் பஸ் கிடைக்குமா என்பது இரண்டாவது கவலை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போட்டு யூரின் எடுக்க வேண்டும். அதற்குச் சுத்தமான இடம் வேண்டும், கதவு சாத்த வேண்டும், வீல்சேர் நுழைகிற அகலம் வேண்டும். காலையில் கக்கூஸ் வேலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். இதையெல்லாம் யோசித்துத்தான் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். பல கல்யாணங்களுக்கு முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போயிருக்கிறேன், அது கிட்னிக்குக் கெடுதல் என்று தெரிந்தே. மண்டபத்துக்குப் போனாயா என்று கேட்டால் போனேன் என்றுதான் பதில் விழும், தண்ணீர் குடித்தாயா என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை.

இன்னொன்று. கணவன் மனைவி பற்றி ஒரு பக்கம் இருந்தது, அந்தத் தம்பி அதை மட்டும் கேட்காமலே புரட்டிவிட்டார். எனக்குக் கேட்டால் சொல்லியிருப்பேன். வெட்கப்படுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் எவர் எவரோ பார்த்த உடம்பு இது. அங்கே இருந்த மாதங்களில் ஒரு டாக்டரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆய்வுக்கு வந்தவரும் திறக்கவில்லை, அப்புறம் யார்தான் கேட்பார்கள்?

எங்கள் மாவட்டத்துக்கென்று சில கேள்விகள் இருக்கின்றன, அவை எந்த ஊர்க் கேள்வித்தாளிலும் வராது. இங்கே ஆட்கள் விழுவது தென்னையிலிருந்து, பனையிலிருந்து, சாரத்திலிருந்து. பலா பறிக்க ஏறி விழுந்தவரை எனக்குத் தெரியும். கடலில் அலை தூக்கிப் போட்டு வள்ளத்தின் விளிம்பில் முதுகு இடித்தவர் ஒருவர் குளச்சல் பக்கம் இருக்கிறார். பணக்கார நாடுகள் பலவற்றில் வாகன விபத்து முக்கியக் காரணம் என்கிறார்கள், நம் பக்கம் நாடுகளில் விழுவதும் பெரிய காரணம். விழுந்த பிறகு ஆஸ்பத்திரி ஒரு கட்டத்தில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிடும், அப்போது எல்லாரும் போவது வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம். குமரி மாவட்டம் வர்மத்துக்குப் பேர் போன இடம், நானும் போனேன், ஒன்றரை வருடம் போனேன். தடவல், எண்ணெய், கிழி (மருந்து கட்டிய சூடான துணிப் பொட்டலம்). நான் ஆசான்களைப் பழிக்க மாட்டேன், மூட்டு விலகினதையும் கழுத்துப் பிடிப்பையும் நொடியில் சரி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உணர்வு இல்லாத தொடையில் சுடச்சுட கிழி வைத்தால் வெந்துபோவது எனக்கே தெரியாது, வைத்தவருக்கும் தெரியவில்லை. தோல் உரிந்து நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். ஆற ஐந்து மாதம். இதை ஆய்வுக்காரர்கள் கேட்டுப் பதிவு செய்திருந்தால், ஆசான்களையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால், எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆசானைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். நாங்களும் மறைத்துவிடுகிறோம்.

ஒக்கி புயல் வந்தது நினைவிருக்கும். 2017 நவம்பர் 30. வாழையும் ரப்பரும் போனதும் கடலுக்குப் போனவர்கள் திரும்பாததும்தான் செய்தி, அது சரிதான், அந்தத் துக்கத்துக்கு முன்னால் என் கதை ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் கரண்ட் வர எத்தனையோ நாள் ஆனது. நான் படுப்பது காற்று மெத்தையில், மோட்டார் ஓடினால்தான் மாறி மாறிக் காற்று ஏறும். மோட்டார் நின்றதும் மெத்தை தட்டையாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் போட வேண்டிய மனைவி, மரம் விழுந்த கூரையில் தார்ப்பாய் கட்டுவாளா, என்னைப் புரட்டுவாளா? ஆறாவது நாள் பிட்டத்தில் புண். பெட்சோர் என்கிற இந்தப் படுக்கைப் புண் வெளியே ஒரு ரூபாய் அளவு தெரிந்தாலும் உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம். ஒன்பது மாதம் குப்புறக் கிடந்தேன். வெளியே போனாயா, வேலை பார்த்தாயா என்றெல்லாம் அந்த வருடம் கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான். காரணம் என் தண்டுவடமா, மின்கம்பமா? உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே சொல்லிவிட்டது, ஒருவரின் முடக்கத்தில் அவர் உடம்புக்கு எவ்வளவு பங்கோ அதே மாதிரி சுற்றுப்புறத்துக்கும் பங்கு உண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று. வீட்டுக்கு வருகிற கேள்வித்தாளில் அந்தச் சுற்றுப்புறம் அரைப் பக்கம்கூட வருவதில்லை.

ஆய்வே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. பங்களாதேஷில் சாவர் என்ற இடத்தில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது, 1979-ல் தொடங்கியது. தண்டுவடம் அடிபட்டு அங்கே பயிற்சி முடித்து வீடு போனவர்கள் கொஞ்ச காலத்திலேயே பெட்சோரால் செத்துப்போவதைப் பார்த்து, 410 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வருடம் அடிக்கடி போன் செய்தார்கள், வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். இன்னொரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவு என்ன தெரியுமா, இரண்டு பக்கமும் இறந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. போன் செய்தும் வித்தியாசம் வரவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட ஆய்வு மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்குத் தோன்றியதைச் சொன்னால், மெத்தையும் சாப்பாடும் புரட்டிப்போட ஆளும் இல்லாத வீட்டில் போனில் புரட்டிப்போடச் சொல்லி என்ன பயன்? ஆனால் அது என் ஊகம், அவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

2017 தொடங்கி 22 நாடுகளில் தண்டுவடம் அடிபட்டு வெளியே வாழ்கிறவர்களிடம் ஒரே மாதிரிக் கேள்வி கேட்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. மலேசியா இருக்கிறது, தாய்லாந்து, இந்தோனேசியா, மொராக்கோ எல்லாம் இருக்கின்றன. இந்தியா இல்லை. வருடத்துக்கு உலகத்தில் 2.5 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேருக்குத் தண்டுவடம் அடிபடுகிறது என்று 2013-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால் எங்களை மாதிரி ஊர்களில் எண்ணவே இல்லை, அவ்வளவுதான். குமரி மாவட்டத்தில் மட்டும் எத்தனை பேர் என்று யாரிடம் போய்க் கேட்பது? மாத உதவித்தொகை வாங்குகிறவர்களின் பட்டியல் இருக்கும், ஆனால் பட்டியலில் வராமலே போனவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டவர்கள்.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் வண்டி விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. அதன் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார், திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையையே எழுப்பினார், 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் அங்கே திறந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், தென்காசி ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த நிலையில் இருந்தபடிதான் அவ்வளவையும் கட்டினார். இவர்களிடம் அந்நியர் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது, மண்டபத்துக் கக்கூஸ் கதவின் அகலத்தை முதல் கேள்வியாக அவர்களே வைத்திருப்பார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பெண், கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர். அந்தத் தம்பி அங்கேயும் போயிருக்கிறார். கேள்வி கேட்டது அந்தப் பெண்ணிடம், பதில் சொன்னது அவர் அண்ணன். வாரத்தில் எத்தனை நாள் வெளியே போவார்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள் என்றாராம் அண்ணன். சர்ச்சுக்குப் போய் நாலு வருடம் ஆகிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பெண்ணே எழுதினார். அந்த நாலு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் "சமூகப் பங்கேற்பு நன்று" என்று ஏறியிருக்கும்.

ஆகவே ஆய்வு செய்கிறவர்களுக்கு நான் வைக்கிற கோரிக்கை இது. கேள்வித்தாளை அச்சடிக்கும் முன்பு எங்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, அல்லது நீங்களே வந்து, எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும், பனையேறி ஒருவர் இருக்கட்டும், கடலுக்குப் போனவர் ஒருவர் இருக்கட்டும். அந்நியர் கேள்வியை எடுத்துவிட்டு, வாசலிலிருந்து ரோடு வரை எத்தனை படி என்று கேளுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். உன்னைப் பார்த்துக்கொள்கிறவர் அதற்காக எந்த வேலையை விட்டார் என்று கேளுங்கள், என் மனைவி இரண்டு தடவை அண்டி ஆபீஸ் வேலையை விட்டாள், அதற்கு எந்தக் கட்டத்திலும் டிக் போட இடமில்லை. அப்புறம் முடிவை எங்களுக்குத் தமிழில் கொண்டுவந்து சொல்லுங்கள். மூன்று வருடமாயிற்று, நான் சொன்ன பதிலை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தத் தம்பி படித்து முடித்து வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. நல்லா இருக்கட்டும்.

அந்த முடிவுகள் கையில் இருந்தால் நாங்களும் மனுவில் வைக்க முடியும். பொதுக் கட்டடங்களில் நாங்கள் ஏறி இறங்க ஐந்து வருடத்துக்குள் வசதி செய்ய வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது, 2017 ஜூனில் விதிகள் வந்தன, அதிலிருந்து கணக்கிட்டு 2022-ல் கெடுவும் முடிந்துவிட்டது. நான் வேலையாகப் போகிற ஒரு ஆபீசில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், வீல்சேரை மேலே தள்ள இரண்டு பேர் வேண்டும், இறங்கும்போது மூன்று பேர். கொத்தனாராகச் சொல்கிறேன், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும், அங்கே நாலடியில் முடித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டிருந்தால் நூல் பிடித்துக் காட்டியிருப்பேன்.

செப்டம்பர் 5 உலகத் தண்டுவடப் பாதிப்பு தினம், 2016-லிருந்து இருக்கிறது. நம் நாட்டில் அன்றைக்கு ஆசிரியர் தினம், வ.உ.சி. பிறந்த நாளும் அன்றுதான், அதனால் எங்கள் தினம் யாருக்கும் தெரிவதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அடுத்த கருத்தரங்கு அந்த நாளில் நடந்தால் மேடை வேண்டாம், எல்லாரும் கீழேயே நாற்காலி போட்டு உட்காருங்கள், குத்துவிளக்கையும் கீழேயே வைத்துவிடலாம்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது கேள்வித்தாளோடு வருவதானால் தாராளமாக வரலாம், கருங்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீல்சேர் கொத்தனார் வீடு எது என்று கேட்டால் சொல்வார்கள். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்பு எனக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.